மாதம் ஒரு டாலர்

நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் தீவில் பவரி என்றொரு நெடுந்தெரு உண்டு. பண்ணையைக் குறிக்கும் பழைய டச்சுச் சொல் ஒன்றின் திரிபே இப்பெயர். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கு ஆட்சி செலுத்தியபோது அவர்களுடைய பண்ணைகளை நோக்கிச் சென்ற வழி இது. டச்சு நிர்வாகத்தின் கடைசித் தலைவரான பீட்டர் ஸ்டைவெசன்ட், 1664ல் நகரை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த பிறகு, தம் இறுதி ஆண்டுகளை இங்கிருந்த தமது பண்ணையில்தான் கழித்தார். அவர் நட்டதாகக் கருதப்படும் ஒரு பேரி மரம், பண்ணை அழிந்து தெருக்களும் கட்டடங்களும் சூழ்ந்த பின்னரும், 1867 வரை ஒரு தெருமுனையில் நின்றிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் பவரி என்ற பெயரைக் கேட்டவர்களுக்குப் பண்ணை நினைவுக்கு வந்திருக்காது. மலிவான படுக்கை விடுதிகள், நடைபாதையில் மயங்கிக் கிடக்கும் குடிகாரர்கள், வேலையும் வீடும் இழந்தவர்கள், இவையே அத்தெருவின் அடையாளங்களாக இருந்தன. அந்தப் பவரியும் ஹௌஸ்டன் தெருவும் சந்திக்கும் வடகிழக்கு முனையில், 1973ல், குப்பை மண்டிக் கிடந்த ஒரு காலிமனை இருந்தது. அதைச் சுத்தம் செய்யச் சிலர் இறங்கினார்கள். நகரங்களில் தன்னார்வலர்கள் பாழிடங்களைத் துப்புரவாக்கி அழகுபடுத்தும் இயக்கங்களின் வரலாற்றில் அந்த முனைக்குத் தனியிடம் உண்டு. அவ்வரலாறு பெரும்பாலும் உற்சாகக் கதையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அதனுள் சங்கடமான கேள்வி ஒன்று தொடக்கம் முதலே இருந்து வந்திருக்கிறது. யாருக்கும் வேண்டாததாகக் கிடந்த இடத்தை ஒருவர் தம் உழைப்பால் வேண்டத்தக்கதாக்கிய பின், அந்த இடம் யாருடையது?

*

முதலில் அந்தக் காலிமனைகள் எப்படி உருவாயின என்பதைப் பார்த்துவிட வேண்டும். மன்ஹாட்டனின் கீழைப் பகுதி, புரூக்ளினின் சில பகுதிகள், தெற்கு பிராங்க்ஸ் ஆகியவை குடியேறிகளும் உழைப்பாளிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த இடங்கள். தொழிற்சாலைகள் நகரை விட்டு வெளியேறின. வசதியானவர்கள் புறநகர்களுக்குப் போனார்கள். எஞ்சியவர்களிடமிருந்து வரும் வாடகை, கட்டடங்களைப் பராமரிக்கவும் வரி கட்டவும் போதாது என்ற நிலை வந்தபோது, உரிமையாளர்கள் பலர் கட்டடங்களைக் கைவிட்டார்கள். சிலர் காப்பீட்டுத் தொகைக்காகத் தங்கள் கட்டடங்களுக்குத் தாங்களே ஆள் வைத்துத் தீயிட்டார்கள். வரி பாக்கிக்காக அவற்றை நகர நிர்வாகம் கைப்பற்றியது. எரிந்து போனவற்றை இடித்துத் தள்ளியது. இவ்விதமாக ஆயிரக்கணக்கான வெற்று மனைகளுக்கு விருப்பமில்லாமலே நிர்வாகம் உரிமையாளராயிற்று.

1970ல் 78.9 லட்சமாக இருந்த நியூயார்க்கின் மக்கள்தொகை, 1980ல் 70.7 லட்சமாகக் குறைந்துவிட்டது. இடையில், 1975ல், நகரமே திவாலாகும் விளிம்புக்குச் சென்றது. காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் ஆசிரியர்களும் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். நகர வீட்டுவசதி நிர்வாகத்தில் உயர்பதவி வகித்த ரோஜர் ஸ்டார், 1976ல் ‘திட்டமிட்ட சுருக்கம்’ என்றொரு யோசனையை முன்வைத்தார். செத்துக்கொண்டிருக்கும் பகுதிகளிலிருந்து சேவைகளைப் படிப்படியாக விலக்கிக்கொண்டு, உயிரோடிருக்கும் பகுதிகளில் அவற்றைக் குவிக்கலாம் என்பது அதன் சாரம். செத்துக்கொண்டிருப்பதாகச் சொல்லப்பட்ட அப்பகுதிகளில் மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் அவர்கள் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்தவர்கள், கறுப்பினத்தவர்கள், ஏழைகள். அந்த யோசனையில் எதிர்ப்புக்குள்ளான பகுதி இதுவே.

காலிமனை என்றால் வெறும் மண்தரை என்று நினைத்துவிடக் கூடாது. இடிந்த செங்கல், உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த கார்கள், பழைய மெத்தைகள், எலிகள், ஊசிகள் என எல்லாம் கலந்த மேடு அது. தோண்டினால் மண் வருவதற்கு முன் பழைய வீட்டின் நிலவறைச் சுவர் வரும்.

*

லிஸ் கிறிஸ்டி என்ற ஓவியர் கீழைப் பகுதியில் வசித்து வந்தார். அவரது நண்பர்கள் பின்னாளில் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. குப்பைமேட்டில் கிடந்த பழைய குளிர்சாதனப் பெட்டி ஒன்றில் ஒரு குழந்தை ஏறி விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு, இந்த இடத்தை ஏதாவது செய்யக் கூடாதா என்று அதன் தாயிடம் கிறிஸ்டி கேட்டாராம். பிள்ளைகளைப் பார்ப்பதற்கே எனக்கு நேரம் சரியாயிருக்கிறது, நீங்கள்தான் செய்யுங்களேன் என்று அந்தத் தாய் திருப்பிக் கேட்டாராம். சம்பவம் அப்படியே நடந்ததோ, சொல்லச் சொல்ல மெருகேறியதோ, அந்தத் தாயின் பதிலில் பின்னர் நடந்தவற்றின் சாயல் இருக்கிறது. நிர்வாகத்திடம் முறையிடுவது, நிர்வாகம் வராது என்று அறிவது, கடைசியில் தானே கையில் எடுப்பது என்பதே அந்தச் சாயல்.

கிறிஸ்டியும் தோழர்களும் தங்களைப் ‘பசுமைக் கெரில்லாக்கள்’ என்று அழைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் விளையாட்டும் இருந்தது, உண்மையும் இருந்தது. அவர்கள் செய்தது அத்துமீறி நுழைதல்தான். கம்பிவேலிக்கு அப்பாலிருந்த மனைகளுக்குள் நுழைய முடியாதபோது விதைக் குண்டுகளை வீசினார்கள். விதை, உரம், நீர் ஆகியவற்றை நிரப்பிய பலூன்களும் கிறிஸ்துமஸ் அலங்காரக் குமிழ்களும் வேலியைத் தாண்டி விழுந்து உடைந்தன. மழை வந்தபின் இடிபாடுகளுக்கிடையே பூக்கள் தலைகாட்டின.

பவரி முனையில் அவர்கள் வெளியிலிருந்து வீசுவதோடு நிற்கவில்லை. குப்பையை வாரி வெளியேற்றினார்கள். நல்ல மண் கொண்டுவந்து கொட்டினார்கள். வேலி போட்டார்கள். தரைமண்ணை நம்ப முடியாததால் உயர்த்திக் கட்டிய 60 பாத்திகளில் காய்கறி பயிரிட்டார்கள். பிறகு மரங்களும் பூச்செடிகளும் வந்தன. மனையின் உரிமையாளரான நகர நிர்வாகம், தன் இடத்தில் அனுமதியின்றி ஒரு தோட்டம் இருப்பதை ஒரு கட்டத்தில் கவனிக்க நேர்ந்தது. 1974 ஏப்ரலில் வீட்டுவசதித் துறை அந்த மனையை ‘பவரி ஹௌஸ்டன் சமூகப் பண்ணையும் தோட்டமும்’ என்ற பெயரில் வாடகைக்கு விட ஒப்புக்கொண்டது. வாடகை மாதம் ஒரு டாலர். பண்ணையின் பெயரைத் தாங்கிய தெருவுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு பண்ணை திரும்பி வந்தது.

அந்த ஒரு டாலரைச் சற்று நின்று பார்க்கலாம். மேலோட்டமாக அது பெருந்தன்மை. நகர நிர்வாகத்துக்கு எந்தச் செலவுமில்லாமல் ஒரு குப்பைமேடு அகன்றது. தோட்டக்காரர்களுக்குச் சட்டத்தின் அங்கீகாரம் கிடைத்தது. ஆனால் ஒரு டாலர் என்பது ஒரு சட்டக் குறிப்பும் ஆகும். இடம் உன்னுடையதில்லை, நீ இங்கே வாடகைக்கு இருக்கிறாய் என்பதை மாதந்தோறும் நினைவூட்டும் தொகை அது. 1978ல் நகர நிர்வாகம் ‘கிரீன்தம்ப்’ என்ற திட்டத்தைத் தொடங்கி இந்த ஏற்பாட்டை நகரெங்கும் பரப்பியபோது அக்குறிப்பு மேலும் வெளிப்படையாயிற்று. ஆண்டுக்கு ஒரு டாலர் குத்தகை. 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் இடத்தைத் திரும்பப் பெறலாம். தோட்டம் ஓர் இடைக்கால ஏற்பாடு என்பதே அதன் பொருள்.

*

அமெரிக்க வரலாற்றில் இந்த இடைக்காலத்தன்மை புதிதன்று. 1893ன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பிறகு, டெட்ராய்ட் மேயர் ஹேசன் பிங்ரி, காலிமனைகளை வேலையற்றோருக்குப் பயிரிடக் கொடுத்தார். அவரது உருளைக்கிழங்குத் தோட்டங்களைப் பிற நகரங்களும் பின்பற்றின. இரண்டு உலகப் போர்களின்போதும் கொல்லைகளிலும் பூங்காக்களிலும் காய்கறி வளர்க்கும்படி அரசே மக்களைத் தூண்டியது. இரண்டாம் போரில் அவற்றுக்கு ‘வெற்றித் தோட்டங்கள்’ என்று பெயர். நெருக்கடி வரும்போது நிலம் திறக்கப்படும், நெருக்கடி தீர்ந்ததும் மூடப்படும். நிலத்தைத் திறந்தவரும் மூடியவரும் ஒருவரே. நியூயார்க்கில் 1970களில் நடந்தது இதிலிருந்து ஒரு விதத்தில் மாறுபட்டது. இம்முறை மக்கள் முதலில் நுழைந்தார்கள், அனுமதி பின்னால் வந்தது.

எத்தகைய மக்கள் என்பதும் முக்கியம். கெரில்லாக்கள் வழிகாட்டினார்கள், செடிகள் தந்தார்கள், பயிற்சியளித்தார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான தோட்டங்களைச் சுத்தம் செய்து காப்பாற்றியவர்கள் அந்தந்தத் தெருவின் ஆட்களே. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த முதியவர்கள் இம்மனைகளில் ‘கசீத்தா’ எனப்படும் சிறு மரவீடுகளைத் தங்கள் தீவின் பாணியில் கட்டி, பளிச்சென்ற வண்ணம் பூசினார்கள். மிளகாயும் மல்லியும் பீன்ஸும் வளர்த்தார்கள். அங்கே கோழிகள் திரிந்தன, மாலையில் தாளவாத்தியங்கள் ஒலித்தன. கிராமத்தை விட்டு வந்தவர்கள் நகரத்தின் இடிபாடுகளில் கிராமத்தை மீண்டும் வரைந்து பார்த்தார்கள் எனலாம்.

எல்லாத் தோட்டங்களும் நீடிக்கவில்லை. கீழைப் பகுதியில் ஆடம் பர்ப்பிள் என்ற பெயரில் அறியப்பட்டவர், 1975 முதல் தனியாளாக, இடிபாடுகளைக் கையால் அகற்றி வட்டவட்டமாக விரியும் ஒரு தோட்டத்தை உருவாக்கினார். அதை ‘ஏதேன் தோட்டம்’ என்று அழைத்தார். சென்ட்ரல் பார்க் குதிரைவண்டிகளின் சாணத்தை மிதிவண்டியில் சுமந்து வந்து உரமாக்கினார். பக்கத்துக் கட்டடங்கள் இடிக்கப்பட இடிக்கப்பட, வட்டங்கள் மேலும் விரிந்து 15,000 சதுர அடியை எட்டின. 1986 ஜனவரி 8ஆம் தேதி அது புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டது. அங்கே எழுந்தவை குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வீடுகள். இதை மறைத்துவிட்டுத் தோட்டத்துக்காக மட்டும் கண்ணீர் விடுவது நேர்மையாகாது. தலைக்கு மேல் கூரையில்லாதவனின் தேவையும் தேவைதான். வட்டங்கள் அழிந்தன என்பதும் வீடுகள் வந்தன என்பதும் ஒருசேர உண்மை.

*

1990களில் காட்சி மாறியது. நகரம் மீண்டது. குற்றங்கள் குறைந்தன. யாரும் சீந்தாத கீழைப் பகுதியில் வாடகை ஏறத் தொடங்கியது. ஏற்றத்துக்குக் காரணங்கள் பல. ஆனால் தோட்டங்களுக்கும் அதில் பங்குண்டு என்பது பின்னர் ஆய்வில் தெரிந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோவான் வொய்க்கு, விக்கி பீன் ஆகிய இருவர், சமூகத் தோட்டங்களைச் சுற்றியுள்ள வீடுகளின் விலையை ஆராய்ந்து 2008ல் வெளியிட்ட கட்டுரையில், மிக ஏழ்மையான பகுதிகளில்தான் விளைவு மிகுதி என்று கண்டார்கள். தோட்டம் திறந்து ஐந்தாண்டுகளுக்குள் அண்டை வீடுகளின் விலை 9.4 சதவீதப் புள்ளிகள் வரை உயர்ந்திருந்தது.

இந்த எண்ணை இரண்டு விதமாக வாசிக்கலாம். துப்புரவு செய்தவர்கள் நகரத்துக்குச் செல்வம் சேர்த்தார்கள் என்பது ஒன்று. அவர்களில் பெரும்பாலோர் அங்கே வாடகைக்குக் குடியிருந்தவர்கள் என்பதால், தங்கள் வாடகை உயர்வதற்குத் தாங்களே பாத்தி கட்டினார்கள் என்பது மற்றொன்று. குப்பைமேட்டின் அருகே வாழ்ந்த ஏழையை யாரும் வெளியேற்ற நினைக்கவில்லை. ரோஜாப் புதரின் அருகே வாழும் ஏழையின் நிலை வேறு.

மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம், 1998ல், 700க்கும் மேற்பட்ட தோட்டங்களைப் பூங்காத் துறையிடமிருந்து வீட்டுவசதித் துறைக்கு மாற்றியது. தோட்டக்காரர்களுக்கு அதன் பொருள் உடனே விளங்கிவிட்டது. 1997 இறுதியிலேயே, அமேசான் காடுகளுக்காகப் போராடிக் கொல்லப்பட்ட சிக்கோ மெண்டிஸின் பெயரால் அமைந்த தோட்டம் உட்படச் சில இடங்களில் புல்டோசர்கள் இறங்கியிருந்தன. நிர்வாகத்தின் வாதம் எளிமையானது. இவை நகரத்தின் மனைகள். தோட்டங்கள் இடைக்கால ஏற்பாடு என்று தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். நகரத்துக்கு வீடுகள் தேவை. இவ்வாதத்தில் பொய் ஏதுமில்லை. ஆனால் பயன்படுத்தப்படாத வேறு மனைகள் நிர்வாகத்தின் கைவசம் ஆயிரக்கணக்கில் இருந்தன என்பதையும், அடுத்து அறிவிக்கப்பட்ட ஏலத்தில் எளியோருக்கான வீடுகளைத்தான் கட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பதையும் தோட்டக்காரர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

போராட்டம் வினோத வடிவங்களை எடுத்தது. 1998 ஜூலையில் காவல்துறைத் தலைமையகத்தில் நடந்த ஓர் ஏலத்தின் நடுவே ஆயிரக்கணக்கான சுவர்க்கோழிப் பூச்சிகள் அவிழ்த்துவிடப்பட்டன. ஏலம் கேட்க வந்தவர்கள் நாற்காலிகளின் மீது ஏறினார்கள். 1999 மே மாதம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்கள் ஒரே ஏலத்தில் விற்கப்படவிருந்தன. ஏலம் நெருங்கிவிட்ட நிலையில் இரண்டு அமைப்புகள் அவற்றை வாங்கிக்கொண்டன. பொது நில அறக்கட்டளை ஒன்று. பாடகியும் நடிகையுமான பெட் மிட்லர் நிறுவிய நியூயார்க் மீட்புத் திட்டம் மற்றொன்று. இரண்டும் சேர்ந்து கொடுத்த தொகை 42 லட்சம் டாலர்.

தோட்டங்கள் பிழைத்தன, மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தொகையையும் பழைய ஒரு டாலரையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. நிர்வாகம் கைவிட்ட இடத்தை இருபதாண்டுகள் இலவசமாக உழைத்து மேம்படுத்தியவர்களுக்காக, அந்த மேம்பாட்டின் விலையை வேறு யாரோ நிர்வாகத்துக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. உழைப்பு எந்தப் பத்திரத்திலும் பதிவாகியிருக்கவில்லை.

*

எல்லோருக்கும் மீட்பர்கள் வாய்க்கவில்லை. கிழக்கு ஏழாம் தெருவில் ‘எஸ்பெரான்சா’ என்றொரு தோட்டம் இருபதாண்டுகளுக்கு மேல் இருந்தது. ஸ்பானிய மொழியில் அதற்கு நம்பிக்கை என்று பொருள். அந்த மனையில் அடுக்குமாடிக் கட்டடம் வரவிருந்தது. தன்னார்வலர்கள் குளிர்காலத்தில் அங்கேயே முகாமிட்டார்கள். தெருவைப் பார்த்தபடி ஒரு பெரிய தவளை உருவத்தைக் கட்டி அதற்குள் முறைவைத்து உறங்கிக் காவல் காத்தார்கள். ‘கோக்கி’ எனப்படும் அந்தச் சின்னஞ்சிறு தவளை போர்ட்டோ ரிக்கோவின் செல்ல உயிர். தன்னைவிடப் பன்மடங்கு பெரிய எதிரியைக் குரலாலேயே விரட்டிய கதை அதற்கு உண்டு. 2000 பிப்ரவரி 15ஆம் தேதி காலையில் காவலர்கள் வந்தார்கள். சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டிருந்தவர்களை அறுத்தெடுத்துக் கைதுசெய்தார்கள். புல்டோசர் உள்ளே போனது. தோட்டங்களை இடிப்பதற்கு நீதிமன்றம் தற்காலிகத் தடை விதித்ததும் அதே நாளில்தான். எஸ்பெரான்சாவைப் பொறுத்தவரை அது சில மணி நேரம் தாமதமாக வந்த தடை.

வழக்கைத் தொடுத்தவர் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்ஸர். சுற்றுச்சூழல் ஆய்வு இன்றி இத்தோட்டங்களை விற்கக் கூடாது என்பது வாதம். 2002 செப்டம்பரில், புதிய மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில், சமரசம் ஏற்பட்டது. சுமார் 400 தோட்டங்கள் காப்பாற்றப்படும், சுமார் 150 மனைகளில் வீடுகள் கட்டலாம், அவ்வாறு இடம் இழப்போருக்கு மாற்றிடம் தேட உதவ வேண்டும் என்று முடிவாயிற்று. இரு தரப்பும் முழுமையாக வெல்லாத தீர்வு. இடிப்பதற்கு முன் ஒரு நடைமுறை உண்டு, அதில் தோட்டக்காரரும் ஒரு தரப்பு என்பதை அது முதன்முறையாக எழுத்தில் ஏற்றது. இன்று அத்திட்டத்தின்கீழ் 550க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன.

பாழிடத்தைச் சுத்தம் செய்யப் புறப்படுபவர்கள் பொதுவாக உரிமைகளைப் பற்றிப் பேசுவதில்லை. துடைப்பமும் மண்வெட்டியும் வண்ணமும் போதுமென்று நினைக்கிறார்கள். உரிமை பற்றிய பேச்சு நற்பணியின் தூய்மையைக் கெடுத்துவிடும் என்ற கூச்சமும் நம்மில் பலருக்கு உண்டு. நியூயார்க் தோட்டங்களின் வரலாறு இந்தக் கூச்சத்துக்கு எதிரானதாக எனக்குப் படுகிறது. மண்ணைச் சுத்தம் செய்ய ஒரு பருவம் போதுமாயிருந்தது. அந்த மண்ணில் நிற்கும் உரிமையைப் பெற கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்கு ஏலக்கூடமும் நீதிமன்றமும் சிறையும் தேவைப்பட்டன. மண்வெட்டியோடு ஒரு நல்ல குத்தகைப் பத்திரத்தையும் முதல் நாளே கேட்டிருந்தால் எத்தனை தோட்டங்கள் மிஞ்சியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. கேட்டிருந்தால் அந்த ஒரு டாலர் அனுமதியும் கிடைத்திருக்காது என்று அன்றைய தோட்டக்காரர் யாரேனும் பதில் சொல்லக்கூடும். அதுவும் சரியாகவே இருக்கலாம்.

லிஸ் கிறிஸ்டி இவற்றில் பெரும்பகுதியைப் பார்க்கவில்லை. அவர் 1985ல் இளவயதிலேயே காலமானார். மறுஆண்டு பவரி முனைத் தோட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அதைச் சுற்றிப் பின்னர் விலையுயர்ந்த அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்துவிட்டன. தோட்டம் மட்டும் அங்கேயே நிற்கிறது. அதனுள் ஒரு மெட்டாசெக்வோயா மரம் உண்டு. தொல்லெச்சப் படிவங்களில் மட்டுமே அறியப்பட்டு, என்றோ அழிந்துபோனதாகக் கருதப்பட்டு, 1940களில் சீனாவின் ஒரு பள்ளத்தாக்கில் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்ட மர இனம் அது. இன்று அது வேரூன்றி நிற்கும் மண் முழுவதும், தன்னார்வலர்கள் செங்கல்லை அப்புறப்படுத்திவிட்டுக் கொண்டுவந்து கொட்டியது.